சந்தானத்துக்கு, விஜய் சௌக் பக்கத்திலிருந்து

புது டெல்லி

அன்புள்ள சந்தானம்,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மாமிக்கு முழங்கால் வலி தேவலை. பட்டாபி போன மாதம் வந்திருந்தான், அதே தொப்பி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸைக் காலி செய்கிறோம். 2025 ஆகஸ்டில் கர்த்தவ்ய பவன் என்று புது அரசாங்க ஆபீஸ் கட்டடம் திறந்தார்கள் இல்லையா, அதிலிருந்து ஒவ்வொரு இலாகாவாக மூட்டை கட்டுகிறது. நீயும் நானும் டீ குடித்த அந்தப் பின்பக்கத்து வராண்டாவும் இடிபடும் பட்டியலில்தான் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து நீ எழுதுகிறாய், "பையன் டெல்லி வருகிறான், ராஜபாட்டையில் பார்க்க என்ன இருக்கு, இந்தியா கேட்டில் ஒரு போட்டோ எடுத்தால் ஆயிற்று" என்று. நீயாடா இப்படி எழுதுகிறாய்? திருச்சிக்குப் போய் எல்லாவற்றையும் மறந்துவிட்டாயா?

பையனை இந்தியா கேட்டிலிருந்து மேற்கே நடக்கச் சொல். ஆட்டோ கூடாது. கோடியில் ராஷ்டிரபதி பவன், நடுவில் சுமார் மூன்று கிலோமீட்டர் கொஞ்சமும் வளையாத ரோடு. கிட்டே போகப் போகக் கட்டடம் பெரிதாகத்தானே தெரிய வேண்டும்? மேட்டின் அடியில் இருக்கும் விஜய் சௌக் சதுக்கத்தை நெருங்கும்போது அது இறங்க ஆரம்பிக்கும். படிகள் போகும், தூண்கள் போகும், கடைசியில் குவிமாடத்தின் மேல்பகுதி மட்டும் மிச்சம். 340 அறை உள்ள மாளிகையை ஒரு மேடு விழுங்கிவிடும்!

எல்லாம் இரண்டு பேர் சண்டையால் வந்தது. தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பரில் அறிவித்தபின், இன்றைய ராஷ்டிரபதி பவனான வைஸ்ராய் மாளிகையைக் கட்டும் வேலை லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கைக்குப் போனது, செயலகக் கட்டடங்கள் இன்னொரு கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் கைக்கு. தன்னுடைய கட்டடங்களும் ரைசினா குன்றின் மேலேயே நிற்க வேண்டும் என்றார் பேக்கர். லட்யன்ஸ் ஒத்துக்கொண்டார். மாளிகை பின்னால் தள்ளிப்போக, பேக்கரின் நார்த் பிளாக்கும் சவுத் பிளாக்கும் முன்னால் வந்தன. இரண்டுக்கும் நடுவே ரோடு மேடேறுகிறது. அந்தச் சரிவுக் கணக்குக்கு 1913-இல் லட்யன்ஸே சம்மதித்துவிட்டார். மாளிகை மறையும் என்பது அவருக்கு உறைத்தது பிற்பாடுதான். மேட்டை வெட்டிக் குறையுங்கள் என்று வருஷக்கணக்கில் மன்றாடியும், செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பேக்கரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று.

லட்யன்ஸுக்காக வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மேடு பிடிக்கும். கிங்ஸ்வே என்று பெயர் வைத்து, குன்றின் மேல் இருப்பவரை எல்லோரும் அண்ணாந்து பார்க்கவென்று போட்ட ரோடு அது. 1931-இல் நகரத்தைத் திறந்து வைத்தார்கள். பதினாறே வருஷம்! 1947 ஆகஸ்ட் 15 சாயங்காலம் இந்தியா கேட் பக்கம் கொடியேற்ற வந்த மவுண்ட்பேட்டனால், கூட்டம் நெரித்ததில், சாரட்டை விட்டு இறங்கவே முடியவில்லை. என்னைக் கேட்டால், அந்த ரோடு ஜனங்கள் கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

நாம் பார்த்ததையும் பையனிடம் சொல். நாம் வந்த புதிதில், இந்தியா கேட்டுக்குப் பின்னால் அந்தக் கல்மண்டபம் காலியாக நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? 1936-இல் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-இல் எடுத்தபிறகு யாரை வைப்பது என்று முடிவாகாமலே கிடந்தது. 2022-இல்தான் நேதாஜி வந்தார், கருங்கல்லில் 28 அடி. அப்புறம் 1988 அக்டோபர். விவசாயத் தலைவர் டிகாயத்தின் ஆட்கள் லட்சக்கணக்கில் இந்த ரோட்டோரத்துப் போட் கிளப் புல்வெளியில் வந்து இறங்கினார்களே! கரும்புக்கு விலை கேட்டு வந்தவர்கள் மாட்டை மரத்தில் கட்டி, அடுப்பு மூட்டி, ஹூக்காவோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு முண்டாசுக்காரர் நீட்டிய ரொட்டியை நீ ஆபீஸ் பையோடு நின்று தின்றாய். இந்திரா நினைவு நாள் பொதுக்கூட்டத்தையே காங்கிரஸ் செங்கோட்டைப் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது அது முடியாது, சந்தானம். அதற்குச் சில வருஷங்களிலேயே போட் கிளப்பில் போராட்டம் கூடாது என்றாகி, ஜனங்கள் ஜந்தர் மந்தருக்குப் போனார்கள். 2022-இல், நீ இன்னும் ராஜபாட்டை என்கிற ரோட்டுக்குக் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாற்றி, புல்வெளியையும் வாய்க்காலையும் புதுப்பித்து, கிரானைட் நடைபாதை, சுரங்கப்பாதை, கழிப்பறை எல்லாம் போட்டார்கள். நன்றாகவே செய்திருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். சாயங்காலத்தில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஐஸ்கிரீம் வண்டிகளுக்கு மட்டும் இடம் குறித்துவிட்டார்கள். ஆனால் ஒரு தேசத்தின் தலையாய வீதியில் குடிமக்கள் காற்று வாங்க உட்காரலாம், குறை சொல்ல உட்காரக் கூடாது என்றால் எனக்கு மனசு ஆறவில்லை. ஜனவரி 26-க்கு டாங்கி போகிற ரோட்டில் ஒரு மாட்டு வண்டிக்கும் இடம் இருந்தது, அதை என் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பையன்கள் தலைமுறைக்கு இது தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று, நாவல் மரங்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பவை அவைதான். ஆனி மாதம் வந்தால் ஏலம் எடுத்தவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். ஒருத்தன் மேலே ஏறிக் கிளையை உலுக்க, கீழே நாலு பேர் துணியின் நாலு முனையையும் இழுத்துப் பிடித்து நிற்கிறார்கள். தப்பி விழும் பழம் நசுங்கி நடைபாதையே கருநீலம். உப்பு போட்டுப் பொட்டலம் கட்டி அங்கேயே விற்கிறார்கள்.

பையன் ஜனவரியில்தான் வருவான் என்றால், 29-ஆம் தேதி குடியரசு தின விழாவை முடித்துவைக்கும் பீட்டிங் ரிட்ரீட் அணிவகுப்பு முடிகிறவரை ஒத்திகை, ரோடு அடைப்பு என்று அலைச்சல். பிப்ரவரியில் வரச் சொல். கூட நீயும் வா, கட்டடத்தை இடிப்பதற்குள் வராண்டாவில் ஒரு டீயாவது குடித்துவிடலாம். டிக்கெட் போட்டதும் ரயில் பெயரை எழுது. ஸ்வெட்டர் உன்னுடையதைக் கொண்டுவா, இந்தத் தடவை என்னுடையதைத் தர மாட்டேன்.

உன்,
ராமநாதன்