எட்டு காம்பஸிலும் (திசைகாட்டி) தெற்குப் பக்கம் தாழ்ந்திருப்பது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஸ்கூபா டைவிங் நண்பர்கள் குழு,
புதுச்சேரி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மணிக்கட்டில் கட்டும் 8 டைவிங் காம்பஸ்கள் – இப்பகுதிக்குப் பொருந்தாத தயாரிப்பு – பணம் திருப்பித் தரவோ, சரியான வகையை மாற்றித் தரவோ கோருதல்.

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய காம்பஸ் எட்டிலும், உள்ளே சுழன்று திசை காட்டும் காந்தத் தட்டு மட்டமாக நிற்பதில்லை. ‘S’ எழுத்துள்ள பக்கம் சுமார் 10 பாகை தாழ்ந்தே கிடக்கிறது. ஒன்றிரண்டில் இருந்தால் கைதவறிக் கீழே விழுந்ததில் வந்த கோளாறு என்று விட்டிருப்போம். எட்டும் ஒரே பக்கமாகத் தாழ்ந்தால் அது தயாரிப்பிலேயே இருக்கும் விஷயம்.

உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதிலில், “அருகில் இரும்பு இருந்திருக்கும், தள்ளி வைத்துப் பாருங்கள்” என்று இருந்தது. அருகில் இரும்பு இருந்தால் தட்டு பெரும்பாலும் இடவலமாகத் திரும்பி, திசை தப்பும். இங்கே திசை சரியாகவே இருக்கிறது, தட்டுதான் சாய்கிறது. ஆணி இல்லாத மர மேசையில், கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்த அளவுதான் மேலே சொன்னது.

காரணம் இது. பூமியின் காந்தப்புலம் எல்லா ஊரிலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. வட ஐரோப்பாவில் அது 70 பாகை அளவுக்குக் கீழ்நோக்கி இறங்குகிறது. காந்தத்தின் வடமுனையைக் கீழே இழுக்கும் அந்த விசையைச் சமன்செய்யத் தட்டின் தெற்குப் பக்கத்தில் சிறிய எடை சேர்ப்பார்கள். புதுச்சேரியில் அந்த இறக்கம் சுமார் 10 பாகைதான். இன்னும் தெற்கே போனால் கிட்டத்தட்ட பூஜ்யம். கேரளத்தின் தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே, இந்த இறக்கம் பூஜ்யமாகும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான். இழுக்கும் விசை இல்லாத இடத்தில் சமன் எடை மட்டும் மிஞ்சினால் தெற்குப் பக்கம் தாழத்தானே செய்யும்? வடக்குப் பகுதிக்கென்று சமன்செய்த சரக்கை, “உலகெங்கும் பயன்படுத்தலாம்” என்று பெட்டியில் அச்சிட்டு விற்றிருக்கிறீர்கள்.

15 பாகை வரை சாய்த்தாலும் தட்டு தடையின்றிச் சுழலும் என்றும் அதே பெட்டி சொல்கிறது. அதில் 10 பாகை சும்மா இருக்கும்போதே போய்விடுகிறது. தெற்குப் பக்கத்தை வெறும் 5 பாகை உயர்த்தினால் தட்டின் விளிம்பு அடியில் உரசி நின்றுவிடுகிறது. 5 பாகை சரிவுள்ள மர ஆப்பு ஒன்றைக் காம்பஸின் தெற்குப் பக்கத்துக்கு அடியில் செருகி, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ‘S’ ஆப்பின் மேல் வரும்போதெல்லாம் தட்டு காம்பஸின் உடலோடு சேர்ந்தே திரும்பும். இங்கே கரையிலிருந்து கிழக்கே போய் மேற்கே திரும்புவதுதான் வழக்கம். போகும்போது வலப்பக்கமும், திரும்பும்போது இடப்பக்கமும்தான் தெற்கு. அந்தப் பக்கம் லேசாக உயர்ந்தால் போதும், தட்டு சிக்கிவிடும். நீரோட்டத்தில் நீந்துகிறவர் மணிக்கட்டை 5 பாகைக்குள் மட்டமாகப் பிடிப்பது நடக்கிற காரியமல்ல.

சிக்கிய தட்டு சிக்கியதாகத் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. டைவர் வளைந்து போனாலும் தட்டு கூடவே திரும்புவதால், ‘N’ குறி, போகும் திசைக்கு ஏற்பத் திருப்பி வைத்த சுழல் வளையத்தின் இரு கோடுகளுக்கு நடுவிலேயே நிற்கும். துல்லியமாக நேரே போகிறோம் என்றுதான் அவர் நினைப்பார். 10 பாகை பிசகினால் 100 மீட்டருக்கு 17 மீட்டர் விலகல். நீரின் தெளிவு 5 மீட்டர் இருக்கும் நாளில் படகின் நங்கூரக் கயிறு கண்ணில் படாது.

கூடவே இலவசமாகக் கொடுத்த, காம்பஸைத் தொங்கவிடும் இழுசுருள் கொக்கியை (இழுத்தால் நீண்டு, விட்டால் சுருளும் கயிறுள்ளது) பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பூட்டு காந்தம்! 5 சென்டிமீட்டர் அருகே கொண்டுபோனால் தட்டு 30 பாகைக்கு மேல் திரும்புகிறது. காம்பஸைத் தொங்கவிடவே காந்தக் கொக்கி கொடுத்த யோசனை யாருடையதோ தெரியவில்லை.

இரண்டு காம்பஸில், உள்ளே நிரப்பிய எண்ணெய்க்குள் சிறு குமிழி இருக்கிறது. ஆழத்தில் அது சுருங்கிவிடுவதால் குறையாகச் சொல்லவில்லை. எண்ணெய் பால்போல் கலங்கினால்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இவற்றில் அது இல்லை. சுழல் வளையமும் நன்றாகவே இருக்கிறது.

“ஒவ்வொன்றாக அனுப்புங்கள், அதே மாடல் புதிதாகத் தருகிறோம்” என்ற உங்கள் யோசனையால் பயனில்லை. புதியதும் தெற்கே சாயும். எங்களுக்கு வேண்டியது: இந்தப் பகுதியின் காந்த இறக்கத்துக்குச் சமன்செய்த காம்பஸ், அல்லது 30 பாகை சாய்வைத் தாங்கும் வகை, இரண்டும் கையிருப்பில் இல்லையென்றால் முழுப் பணம். அனுப்பும் செலவு உங்களுடையது. மாற்றுக் காம்பஸை அனுப்புமுன் எந்தப் பகுதிக்குச் சமன்செய்தது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இவை சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவை, வியாபாரத்துக்கு அல்ல. 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்போம். ரசீது நகல், ரசமட்டத்துடன் எடுத்த எட்டுப் படங்கள், பெட்டி வாசகத்தின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்