ரிலேல நீந்துறவங்க எல்லாரோட பேரையும் போடுங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கேன். என் மக இப்ப செகண்டரி 3, ஏழு வயசுலேர்ந்து நீந்துறா. தனிப் போட்டியில அவ பெரிய ஆளுன்னு சொல்ல முடியாது, நாலு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நீந்துற ரிலேல மூணாவதா இறங்குறவ. அதனால ரிலே செய்தி எங்க வந்தாலும் நான் தேடித் தேடிப் படிப்பேன், பாத்தா பெரும்பாலும் கடைசியா சுவத்தத் தொட்டவங்க பேரு மட்டும்தான் இருக்கும், மத்த மூணு பேரும் "குழுவினர்"னு ஒரே வார்த்தையில போயிடுவாங்க, காலையில ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) நீந்தி டீம ஃபைனலுக்குக் கொண்டுபோனவங்க அந்த வார்த்தைக்குள்ளயும் வரமாட்டாங்க.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மைக்கேல் ஃபெல்ப்ஸ் 8 தங்கம் வாங்கினாரு. அதுல ஒண்ணு 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலே. கடைசி 50 மீட்டர் திரும்புறப்ப ஃபிரான்ஸோட அலான் பெர்னார்ட் நல்லா முன்னாடி இருக்காரு, அவர விரட்டிப் பிடிச்சு 0.08 செகண்ட்ல ஜெயிச்சுக் கொடுத்தது ஃபெல்ப்ஸோட அமெரிக்க டீம்ல கடைசியா நீந்தின ஜேசன் லெசாக், அப்ப அவருக்கு 32 வயசு. அந்த மனுஷன் 4 ஒலிம்பிக்ஸ் போயி 8 மெடல் வாங்கியிருக்காரு, அதுல 7 ரிலேல வந்தது, தனியா வாங்கினது ஒரே ஒரு வெண்கலம்தான். அன்னைக்கு அவரு நீந்தின 100 மீட்டர் 46.06 செகண்ட், ஆனா அது உலக சாதனைன்னு ஏறல, ஏன்னா ரிலேல முதல் ஆளோட டைம மட்டும்தான் தனி ஆள் சாதனைக்குக் கணக்குல எடுப்பாங்க. மத்த மூணு பேரு எவ்வளவு வேகமா நீந்தினாலும் அவங்க பேருல தனி ரெக்கார்ட்ல ஏறாது. அப்ப செய்தியில பேரு வர்றதும் இல்லன்னா அவங்க நீந்தினதுக்கு வேற என்ன அடையாளம் இருக்கு?

அதே ரிலேக்கு ஹீட்ஸ் நீந்தினவங்கள்ல ஒருத்தர் நேதன் ஏட்ரியன், அப்ப சின்னப் பையன், ஃபைனல்ல அவருக்கு இடமில்ல. (ஹீட்ஸ் நீந்தினவங்களுக்கும் ஒலிம்பிக்ஸ்ல மெடல் உண்டு, நெறைய பேருக்கு இது தெரியாது.) நாலு வருஷம் கழிச்சு லண்டன்ல அவரே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல 0.01 செகண்ட்ல தங்கம் வாங்கினாரு. ரிலேக்காரங்க வாழ்க்கை பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு ஹீட்ஸ்லதாங்க ஆரம்பிக்குது.

ரிலேல குதிக்கக் காத்துக்கிட்டு நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். முதல் ஆளுக்குத்தான் பீப் சத்தம், மத்தவங்களுக்கு ஒரு சத்தமும் கிடையாது. உள்ள வர்ற ஆளோட கையவே பாத்துக்கிட்டு, உடம்ப முன்னால வீசி, அவங்க விரல் சுவத்துல படுற அந்த நொடியில கால் விரல் நுனி மட்டும் பிளாக்குல (குதிக்கிற மேடையில) ஒட்டியிருக்கணும். பெரிய போட்டிகள்ல முன்னாடியே குதிச்சா மெஷின் 0.03 செகண்ட் வரைக்கும்தான் விட்டுக்கொடுக்கும், அதுக்கு மேல போனா நாலு பேரும் அவுட். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மக ஒரு போட்டியில முன்னாடியே குதிச்சிட்டா, டீமே டிஸ்குவாலிஃபை. திரும்பி வர்றப்ப எம்ஆர்டில ஒருத்தரும் பேசல, இவ கூகிள்ஸ் வாரையே முறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தா. ஈசூன்ல எறங்குறதுக்கு முன்னாடி முதல் லெக் (முதல் ஆளோட சுத்து) நீந்துற பொண்ணு தன் மைலோ பாக்கெட்ட இவ கையில வச்சு, "நாளைக்குக் காலையில அஞ்சரை, நான் உள்ள வர்றேன், நீ குதி"ன்னு மட்டும் சொன்னா. ஒரு மாசம் அதையேதான் செஞ்சாங்க. இப்பவும் அந்தப் பொண்ணு பேரு எந்த ரிசல்ட் செய்தியிலயும் வந்ததில்ல, ஏன்னா அவ கடைசி ஆள் இல்ல.

நம்ம ஊரு நீச்சலுன்னா ஜோசஃப் ஸ்கூலிங்தான், ரியோவுல 50.39 செகண்ட்ல வாங்கின தங்கம், அத யாரும் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனா 2024 பாரிஸ்ல பெண்கள் 4x100 மெட்லி ரிலேல (ஆளுக்கு ஒரு நீச்சல் முறை) நம்ம சிங்கப்பூருக்காக நீந்தினவங்க நாலு பேரையும் எத்தன பேருக்குத் தெரியும்? லெவினியா சிம், லெடீஷா சிம், குவா ஜிங் வென், குவா டிங் வென். ரெண்டு வீட்டுலேர்ந்து ரெண்டு ஜோடி அக்கா தங்கச்சிங்க! டிங் வென் 2008 பெய்ஜிங்லயே நீந்தினவங்க, 16 வருஷம் கழிச்சு பாரிஸ்ல கடைசி லெக் அவங்கதான். என் மக அவங்க படத்த அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருக்கா.

பேப்பர்ல எடம் கம்மின்னு எனக்கும் தெரியும். நாலு பேரு போட ஒரு வரி போதும், ஹீட்ஸ்ல மட்டும் நீந்தினவங்களுக்கு இன்னொரு அரை வரி. பள்ளிப் போட்டி ரிசல்ட் போடுறப்ப இதச் செய்ய முடியுமான்னு உங்க விளையாட்டுப் பக்கம் பாக்குறவங்ககிட்ட தயவுசெஞ்சு கேளுங்க.

இப்படிக்கு,
மூணாவது லெக் நீந்துற பொண்ணோட அம்மா,
ஈசூன்