ஏரியில் கைட் பழக வரும் புதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

"கடல் என்றால் பயம், முதலில் ஏரியில் பழகிக்கொள்கிறேன்" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் தொடங்கினேன். ஏரியில் பெரிய அலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய பட்டம் (கைட்) இழுக்க, பலகையில் (போர்டு) நின்று தண்ணீரில் சறுக்கும் கைட்போர்டிங்கில் நம்மை இழுப்பது அலை அல்ல, காற்று. அந்தக் காற்றை நம்ப முடியாத இடம் ஏரி.

கடலிலிருந்து கரைக்கு வரும் காற்றுக்குத் தடை எதுவும் இல்லை. ஏரிக்கு வரும் காற்று மரத்திலும் மேட்டிலும் கட்டடத்திலும் மோதிக் கலங்கி வருகிறது. 15 மீட்டர் உயர மரவரிசையைத் தாண்டி 100 மீட்டர் போனாலும் அந்தக் கலக்கம் அடங்கியிருக்காது. கைட் தொய்ந்து விழப் பார்க்கும். மறு நொடி ஆளையே இழுத்துப் போகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) காற்றில் பசுவாக இருந்த கைட், 20 நாட் திடீர் வீச்சில் புலியாகிவிடும். ஆகவே கைட்டின் அளவை அன்றைய பெரிய வீச்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள், சராசரியைப் பார்த்து அல்ல.

என் கதையைச் சொல்கிறேன். கரையில் நின்று, கைட்டைத் தலைக்கு நேர் மேலே நிறுத்தி நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தால் இழுக்காது என்று நினைப்பு. ஒரு வீச்சு வந்தது. கால் தரையை விட்டது. பத்தடி தள்ளிக் கல் மேல் விழுந்தேன். விழும்போதும் என் இரு கைகளும், கைட்டை இயக்கும் கைப்பிடிக் கம்பியான பாரை இறுகப் பிடித்திருந்தன. பாரைத் தன் பக்கம் இழுத்தால் கைட் இன்னும் வேகமெடுக்கும் என்று பாடம் படித்தவன்தான் நான். பயத்தில் கைக்கு அந்தப் பாடம் நினைவில்லை. விழுகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிக்கத்தானே செய்வான்!

அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். கரையில் நிற்கும்போது கைட்டைத் தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்த்தி வையுங்கள். ஏதாவது தவறினால் முதலில் பாரை விடுங்கள். இழுவை நிற்கவில்லையா, கைட்டின் இழுவையை உடனே துண்டிக்கும் குவிக் ரிலீஸைத் தட்டுங்கள். கைட் ஒற்றை லைனில் (கயிற்றில்) தொங்கி வலுவிழக்கும். அப்படியும் இழுத்தால், கைட்டை உங்களோடு இணைத்திருக்கும் லீஷ் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். கைட் போனால் போகட்டும். ஒவ்வொரு நாளும் தண்ணீரில் இறங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு, ரிலீஸைக் கையால் தடவித் தேடிப் பத்து முறை விடுவித்துப் பழகுங்கள்.

"எப்படி அடித்தாலும் எதிர்க்கரையில் போய் ஒதுங்கிவிடுவேன்" என்ற தைரியமும் வேண்டாம். அந்தக் கரையை முன்னதாக நடந்து போய்ப் பார்த்தீர்களா? பாறை, கோரைப் புதர், படகுத்துறை, எல்லாவற்றையும்விட மின்கம்பி. லைன்களே 20 மீட்டருக்கு மேல் நீளம். கம்பி தூரத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் எட்டிவிடும். அதில் சிக்கிய கைட்டை எடுக்கப் போகவே கூடாது. எதிர்க்கரை சரியில்லை என்றால் அன்று இறங்காதீர்கள்.

ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் கட்டாயம். நன்னீரில் உடம்பு கடல்நீர் அளவுக்கு மிதக்காது. போர்டுக்குக் கயிறு கட்டாதீர்கள், இழுபட்டுத் திரும்பி வந்து தலையில் அடிக்கும். லைன் குறுக்கே மாறியிருக்கிறதா என்று, கைட்டைப் பிடித்து நிற்பவருக்குச் சைகை காட்டும் முன் நீங்களே ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள்.

கருமேகம் திரண்டால் மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். மழைக்கு முன்னே வீச்சுக் காற்று வந்துவிடும். தூரத்துத் தண்ணீர் கறுத்துச் சுருங்குவதைக் கண்டதுமே கைட்டை இறக்கிவிடுங்கள். கரைக்குத் திரும்ப நேரமில்லை என்றால் தண்ணீரிலேயே ரிலீஸைத் தட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஏரியில் தொடங்கிய ஒருவன்