கோளாறு எழுத்துருவில் இல்லை, அனுப்பும் நிரலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னஞ்சலில் தமிழ் அலங்கோலமாக வந்து சேர்ந்தால், "ஃபான்ட் இல்லை போலிருக்கிறது, வேறொன்று போட்டுப் பாருங்கள்" என்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், "எதற்கு வம்பு, சப்ஜெக்டை ஆங்கிலத்திலேயே போட்டுவிடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். இரண்டும் தப்பான வைத்தியம். விண்டோஸ் 2000-த்திலேயே லதா எழுத்துரு கூடவே வந்துவிட்டது. தமிழ் எழுத்துரு இல்லாத கைபேசியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். கோளாறு இருப்பது அஞ்சலைக் கட்டுகிற நிரலில், அல்லது அதைப் பிரிக்கிற நிரலில். பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளில். ஒப்புகைச் சீட்டு, கட்டண நினைவூட்டல், தேர்வு அறிவிப்பு என்று தானாக அஞ்சல் அனுப்பும் மென்பொருள்களை எழுதுகிறவர்கள் கவனிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் நோய்க்குறி. "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அந்தக் குறிகளைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையுள்ள எண்களாக, எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். சிதைந்து வந்ததை எண்ணிப் பார்த்தாலே யார் கெடுத்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். சரியாக ஐந்து கேள்விக்குறி வந்திருந்தால், அனுப்பிய நிரலே தமிழைத் தூக்கி எறிந்துவிட்டது. வந்த இடத்தில் என்ன செய்தாலும் மீட்க முடியாது. ஒரு யூனிகோடு குறிக்கு மூன்று வீதம் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கொட்டிக் கிடந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, எந்த முறையில் எழுதியது என்று மேலே ஒட்டிய சீட்டுதான் தவறு, மீட்கலாம். நல்ல தமிழுக்கு நடுவே அங்கங்கே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், யாரோ ஒரு எழுத்தை நடுவில் வெட்டியிருக்கிறார்கள். வெறும் கட்டங்கள் மட்டும் வரிசையாக வந்தால்தான் எழுத்துருவைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வகையில் ஒரு வேடிக்கை உண்டு. வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகமுத்திரைக் குறி ஏன் வரிக்கு வரி வருகிறது? யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களும் 224 என்ற பைட்டில்தான் தொடங்குகின்றன. அடுத்த பைட் 174 அல்லது 175. த என்பது 224, 174, 164. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 224 என்றால் தலையில் கோடு போட்ட ஏ, 174 என்றால் அந்த வட்ட ஆர். அந்த இரண்டும் ஜோடியாகத் திரும்பத் திரும்ப வந்தால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: அது தமிழ், யூடிஎஃப்-8, சீட்டு மட்டும் மாறிவிட்டது.

இவ்வளவு சுற்றி வளைப்பு ஏன் தேவைப்பட்டது என்றால், 1982-இல் வகுத்த அஞ்சல் விதிகள் 0 முதல் 127 வரையுள்ள ஆஸ்கி குறிகளை (ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி போன்றவை) மட்டுமே அறியும். 1992-இல் வந்த மைம் விதிகள் அந்தப் பழைய குழாயை மாற்றவில்லை. வேறு மொழி எழுத்துகளை ஆஸ்கி வேடம் போட்டு அதே குழாயில் அனுப்ப வழி செய்தன. வேடம் இரண்டு வகை. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு ஆஸ்கி எழுத்தாக்கும். கோட்டட்-பிரிண்டபிள் ஆஸ்கியில் அடங்காத ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் இரண்டு இலக்கமுமாக எழுதும். தமிழுக்குக் கணக்குப் போட்டால் பேஸ்64-இல் ஒரு குறிக்கு 4 எழுத்து, மற்றதில் 9. "தமிழ்" ஒன்றில் 20 எழுத்து, இன்னொன்றில் 45. கோட்டட்-பிரிண்டபிள் பிரெஞ்சு, ஜெர்மன் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறி வரும் மொழிக்குப் பொருந்தும். தமிழ் அஞ்சலுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது வீண் பாரம்.

அஞ்சலின் உடல்பகுதியில் பெரிய சிக்கல் இல்லை: சார்செட் (நான் சீட்டு என்றது இதைத்தான்) யூடிஎஃப்-8, டிரான்ஸ்ஃபர் என்கோடிங் (மேலே சொன்ன வேடம்) பேஸ்64, வரிக்கு 76 எழுத்துக்கு மேல் போகாமல் மடிப்பது, அவ்வளவுதான். கழுத்தறுப்பது சப்ஜெக்ட் வரி.

தலைப்பகுதியில் தமிழை எழுத, சமக்குறி கேள்விக்குறி என்று தொடங்கி, சார்செட் பெயர், கேள்விக்குறி, வேடத்தின் எழுத்து (பேஸ்64-க்கு பி), கேள்விக்குறி, சரக்கு, கடைசியில் கேள்விக்குறி சமக்குறி என்று ஒரு பொட்டலம் கட்ட வேண்டும். ஒரு பொட்டலம் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8, பி என்று போட்டால் முன்பக்கம் 10 எழுத்து, பின்பக்கம் 2. மீதி 63. பேஸ்64 நான்கு நான்காகத்தான் வரும் என்பதால் 60, அதாவது 45 பைட். தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 15 குறி கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தக் கச்சிதம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. 45 பைட்டுக்கு ஒரு முறை வெட்டு என்று நிரல் எழுதி, நீளமான ஒரே சொல்லை வைத்துச் சோதித்தால் அருமையாக வேலை செய்யும். சொல்லுக்கு நடுவே வரும் இடைவெளி ஒரே ஒரு பைட் என்பது அப்போது நினைவுக்கு வராது.

"குடிநீர் வரி நிலுவை" என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குறிகள் 17, இடைவெளி 2, மொத்தம் 53 பைட். எண்ணிக்கொண்டே போனால் "நிலு"வில் ல முடிகிற இடம் 44. நாற்பத்தைந்தாவது பைட், உகரக் குறியின் முதல் பைட். அதன் மீதி இரண்டும் அடுத்த பொட்டலத்துக்குப் போய்விடும். பெறுகிறவர் "குடிநீர் வரி நில" என்று படித்து, இரண்டு மூன்று வைரங்களைத் தாண்டி, "வை" என்று முடிப்பார். ஒரு பொட்டலத்துக்குள் முழு எழுத்துகளே இருக்க வேண்டும், பாதி எழுத்து கூடாது என்பது 1996-இல் வந்த விதியிலேயே தெளிவாக இருக்கிறது. 44-இல் வெட்டினால் விதிப்படி சரி. 35-இல், "நிலுவை"க்கு முன்னால் உள்ள இடைவெளியோடு வெட்டினால் இன்னும் நல்லது.

ஏன் நல்லது என்பது பிரிக்கும் பக்கத்தில் தெரியும். அடுத்தடுத்த இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே வரும் இடைவெளியையும் வரி மடிப்பையும் பிரிக்கிறவர் விட்டுவிட வேண்டும். அது பொட்டலம் கட்டிய கயிறு, சரக்கு அல்ல. இது தெரியாமல் பிரித்த துண்டுகளை இடைவெளி விட்டு ஒட்டும் நிரல்கள் ஏராளம். ஆங்கிலத் தலைப்பில் ஒரு இடைவெளி கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தமிழில் 44-இல் வெட்டிய துண்டு உகரக் குறியில் தொடங்குகிறது. இடைவெளிக்குப் பிறகு வரும் அந்த அநாதைக் குறி புள்ளிவட்டத்தில் தொங்கும்.

பிரிப்பவர்களுக்கு இன்னொரு யோசனை: ஒவ்வொரு பொட்டலத்தையும் தனித்தனியே பேஸ்64-இலிருந்து பைட்டாக்குங்கள். சார்செட் ஒன்றாக இருந்தால் பைட்டுகளை ஒட்டிவிட்டு, அதன் பிறகு எழுத்தாக்குங்கள். அனுப்பியவர் தவறாக வெட்டியிருந்தாலும் இதில் ஒட்டிக்கொள்ளும். பைட்டாக்குவதற்கு முன்பே பேஸ்64 சரங்களை ஒட்டிவிடக் கூடாது; ஒன்றின் கடைசியில் நிரப்பியாக வரும் சமக்குறி நடுவில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கெடுக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் தானே போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. தயார் நூலகங்கள் உண்டு. அவற்றையும் ஏனோதானோ என்று பயன்படுத்துவதுதான் பிரச்சினை. பைத்தானில் இமெயில்மெசேஜ் வகுப்பை எடுத்து, சப்ஜெக்டுக்குத் தமிழை அப்படியே கொடுத்து, செட்-கன்டென்ட்டில் சிடிஇ (டிரான்ஸ்ஃபர் என்கோடிங்) பேஸ்64 என்று சொல்லி, சென்ட்-மெசேஜ் மூலம் அனுப்பினால் போதும். பலர் பழைய சென்ட்மெயில் செயற்கூறுக்குத் தமிழ்ச் சரத்தை நேராகக் கொடுக்கிறார்கள். அது ஆஸ்கியாக்கப் பார்த்து, முடியாமல், பிழை சொல்லி நிற்கும். உடனே ஆஸ்கியாக்கும்போது ரீபிளேஸ் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து வாயை அடைக்கிறார்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விக்குறி பிறக்கும் இடங்களில் இது ஒன்று. பிழைச் செய்தி நல்லதைத்தான் சொன்னது.

பிஎச்பி மொழிக்கான பிஎச்பிமெயிலர் நூலகத்தில் சார்செட் என்ற பண்பை யாரும் தொடாவிட்டால் அது ஐஎஸ்ஓ-8859-1 ஆகவே இருக்கும். உள்ளே இருக்கும் பைட் யூடிஎஃப்-8, மேலே ஒட்டும் சீட்டு மேற்கு ஐரோப்பா. யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. பிஎச்பியின் வெறும் மெயில் செயற்கூறைப் பயன்படுத்துகிறவர்கள், அது சப்ஜெக்டைத் தானாகப் பொட்டலம் கட்டாது என்பதை அறிய வேண்டும். நீளத்தைக் குறைக்க சப்ஸ்டர் போட்டு வெட்டுவதும் வேண்டாம்; அது பைட்டை வெட்டும். எம்பி-சப்ஸ்டர் குறியை வெட்டும். ஜாவாவில் செட்சப்ஜெக்ட், செட்டெக்ஸ்ட் இரண்டுக்கும் இரண்டாவது வாதமாக யூடிஎஃப்-8 கொடுங்கள். கொடுக்காவிட்டால், ஜாவா 18-க்கு முந்திய பதிப்புகளில் அந்தக் கணினியின் இயல்பு சார்செட்டை எடுத்துக்கொள்ளும். தன் கணினியில் தமிழாக ஓடியது சர்வரில் கேள்விக்குறியாவது இப்படித்தான்.

அனுப்புநர் பெயரைத் தமிழில் போடும்போது பெயரை மட்டும் பொட்டலம் கட்டுங்கள். முகவரியையும் சேர்த்துக் கட்டினால் அஞ்சல் திரும்பும், அல்லது பதில் போகாது. பொட்டலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தாலும் தவறு; மேற்கோளுக்குள் இருப்பதைப் பிரிக்கக் கூடாது என்பது விதி, அதனால் சில இடங்களில் பொட்டலம் அப்படியே தெரியும். முகவரியே தமிழில் இருப்பது வேறு கதை. 2012-இல் அதற்கும் விதி வந்துவிட்டது. ஆனால் வழியில் உள்ள எல்லா சர்வரும் அதை ஏற்க வேண்டும்.

இணைப்புக் கோப்பின் பெயருக்குப் பொட்டலம் அல்ல, விழுக்காட்டுக் குறி போட்ட தனி முறை. ஒரு யூனிகோடு குறிக்கு 9 எழுத்து. "விண்ணப்பம்" என்ற பெயருக்கே 90. ஒரு வரியில் அடங்காமல் எண் போட்டுப் பிரிக்க வேண்டியிருக்கும். இதைச் சரியாகப் படிக்காத பழைய செயலிகளுக்காக ஆஸ்கியில் ஒரு மாற்றுப் பெயரும் கூடவே கொடுங்கள். கட்டுவதற்கு முன் என்எஃப்சி என்ற யூனிகோடு சீர்வடிவத்துக்கு மாற்றுவதும் அவசியம். "தொகை"யில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு இரண்டு வேறு சொற்கள்.

ஏற்கெனவே சீட்டு மாறி வந்த அஞ்சலை மீட்க, திரையில் கண்டதை மேற்கு ஐரோப்பிய சார்செட்டில் திரும்பப் பைட்டாக்கி, யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டும். இதில் ஒரு பள்ளம். மேற்கு ஐரோப்பிய சார்செட்டுகளில் ஒன்றான விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. உகரக் குறியின் கடைசி பைட் 129. புள்ளியின் கடைசி பைட் 141. ஏ-வுக்கு 143, ஐ-க்கு 144. மற்ற எல்லா எழுத்தும் மீண்டு வர, சரியாக இந்த நான்கு மட்டும் அடம்பிடிக்கும். புள்ளி இல்லாத தமிழைப் படித்துப் பாருங்கள், ஓலைச்சுவடி நினைவுக்கு வரும். ஐஎஸ்ஓ-8859-1 வழியாகச் சிதைந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே முதலில் அதில் முயலுங்கள், பிறகு 1252. இன்னும் நல்லது, மூல அஞ்சலைப் பைட்டாகவே எடுத்து முதலில் யூடிஎஃப்-8 என்று கண்டிப்பாகப் படிப்பது. பிழையின்றிப் படிக்க முடிந்தால் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது யூடிஎஃப்-8 என்றே கொள்ளலாம். பைத்தானில் மெசேஜ்-ஃப்ரம்-பைட்ஸ் என்பதைப் பாலிசி டிஃபால்ட்டுடன் அழையுங்கள். பாலிசி சொல்லாவிட்டால் பொட்டலம் பிரிக்காமலே கைக்கு வரும்.

யூனிகோடுக்கு முந்திய பாமினி, டிஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றங்களில் எழுதிய அஞ்சல்களுக்கு இது எதுவும் உதவாது. பாமினியில் "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அஞ்சலுக்கு அது சுத்தமான ஆஸ்கி. மாற்று அட்டவணை வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதை யூனிகோடுக்காகப் பின்னால் நகர்த்தவும் வேண்டும்.

அனுப்பும் நிரல் எழுதுகிறவர்கள் "டெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் ஒரு அஞ்சல் அனுப்பிப் பார்த்துவிட்டு ஒப்படைக்காமல், இந்தத் தலைப்பை அனுப்பிப் பார்க்கட்டும்: "ஏப்ரல் ஐந்தாம் தேதி கொடுமுடிக் கூட்டம் – ரூ. 250". அடம்பிடிக்கும் நான்கும் இதில் இருக்கின்றன, ஒகரக் குறியும் இருக்கிறது, நடுக்கோடு தமிழ் அல்லாத மூன்று பைட். குருட்டுத்தனமாக 45-இல் வெட்டினால் கத்தி "தே"யின் ஏகாரக் குறியில் விழும். வேறு வேறு நிறுவனங்களின் மூன்று அஞ்சல்பெட்டிகளுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் மூல வடிவத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எந்தப் பொட்டலமாவது 75 எழுத்தைத் தாண்டியிருந்தாலோ, தனியே பிரித்தால் வைரம் வந்தாலோ ஒப்படைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அஞ்சல் நிரல்கள் எழுதும் வாசகர்,
கோயம்புத்தூர்