சங்கத்து மனுவும் உன் லேடெக்கும்

மண்டபம்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இரண்டு நாளாக வாடைக்காற்று. நாட்டுப்படகு எதுவும் இறங்கவில்லை. அதனால் எழுத நேரம் வாய்த்தது.

ஆய்வேட்டுக்காகப் பழைய மடிக்கணினியில் நீ ஏற்றிவைத்த லேடெக்கில்தான், அதாவது கட்டளைகளோடு எழுதினால் தாளை அச்சுக்குக் கோத்துத் தரும் அந்த மென்பொருளில்தான், இப்போது மீனவர் சங்கத்து வேலை முழுக்கச் செய்கிறேன். “கணக்குப் படித்தவர்கள் புழங்குவது உங்களுக்கு எதற்குப்பா?” என்று போனில் கேட்டாய். சொல்கிறேன், தாயி.

கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டுப் போன வருசம் கொடுத்த மனுவை ஒரு கடையில் அடித்தோம். நினைவூட்டு மனுவுக்காக அதே கோப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. பழைய எழுத்துரு, அது இல்லாத இடத்தில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். நாலு பக்கத்தையும் மறுபடி அடித்தோம். லேடெக் கோப்பு அப்படியில்லை. நோட்பேடில் திறந்தாலும் படிக்க முடிகிறது. நீ சொன்னபடி, லேடெக்கிலேயே யூனிகோடு எழுத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளும் வகையான ஸீலேடெக்கில் ஓட்டுகிறேன். யூனிகோடு தமிழ் கொம்பும் காலும் பிசகாமல் வருகிறது. உறுப்பினர் பட்டியலில் நடுவே ஒருவரைச் சேர்த்தால், நீ எழுதிக்கொடுத்த கட்டளை அடுத்த எண்களையெல்லாம் தானே மாற்றிவிடுகிறது.

ஒருநாள் பயந்துபோனேன். கடன் விதியில் “ஆண்டுக்கு 12% வட்டி, தவணை தவறினால் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யப்படும்” என்று அடித்தேன். அச்சில் “ஆண்டுக்கு 12” என்பதோடு நின்றுவிட்டது. வட்டியும் இல்லை, தவணையும் இல்லை! விழுக்காட்டுக் குறிக்குப் பிறகு அந்த வரியில் இருப்பதை எழுதுகிறவரின் சொந்தக் குறிப்பு என்று விட்டுவிடுமாம். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டதும் எல்லாம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அச்செடுத்ததை ஒருமுறை வாய்விட்டுப் படிக்காமல் கையெழுத்துக்குக் கொடுப்பதில்லை.

தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி சரியில்லை என்றுதானே கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1977-இல் லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கத் தொடங்கினார்? அவர் தன் சமன்பாட்டுக்குத் தேடிய அழகு, கரை அரிக்கிறது என்று நாங்கள் எழுதும் மனுவுக்கும் இருக்கட்டும். ஒரு பக்க நோட்டீசுக்கு இது வேண்டாம்தான். கையால் எழுதிப் போட்டோ அனுப்பினால் போதும். வருசா வருசம் திரும்பத் திறக்கிற தாளுக்கு இதைவிட்டு வேறெதற்கும் போகமாட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். பட்டியல் நீண்டு, பக்கத்தின் அடியைத் தாண்டிய பெயர்கள் காணாமல் போகின்றன. பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தர லாங்டேபிள் என்று ஒன்று இருக்கிறதாமே? தலைப்பு வரி இரண்டாம் பக்கத்திலும் வரவேண்டும். எழுதி அனுப்பு, இல்லையென்றால் பொங்கலுக்கு வரும்போது காட்டு. மனு தை கடைசியில்தான் கொடுக்கிறோம். அம்மா உனக்கு நெத்திலிக் கருவாடு எடுத்துவைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா