செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். திறந்து பார்ப்பது அவரவர் சௌகரியம்.

நம் கப்பல் மன்றத்தின் பொதுக்குழு உரிய காலத்தில் கூடியது. குடியரசு தினத்தில் கொடி ஏற்றி மிட்டாய் வழங்கினோம். பள்ளி மாணவர்களுக்குக் கப்பல் படக் கண்காட்சி நடந்தது. ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் மாலை அணிவித்தோம். வந்தவர்களை வைத்து ஒரு வேன்கூட நிரம்பவில்லை.

கடலே இல்லாத தருமபுரியில் கப்பலுக்கு எதற்கய்யா மன்றம் என்று இன்னும் கேட்கிறார்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். 1908-இல் அவரோடு சிறை சென்ற சிவா, 23-7-1925 அன்று கண்மூடியது நம் பாப்பாரப்பட்டியில்தான். இன்னொரு பதிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் ‘ஜில்லா: சேலம்’ என்று வரும் பெயர்களைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டம் 1965 வரை சேலத்தோடு இருந்தது. அந்த ஆட்களில் நம்மவர் எத்தனை பேர் என்பதைத் தாலுகாவையும் கிராமத்தையும் பார்த்துத்தான் பிரித்தெடுக்க முடியும்.

இனி கப்பல் அட்டைகள். ‘செயலாளர் எந்நேரமும் அட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்’ என்று பேச்சிருப்பதால் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

பழைய சென்னைப் பத்திரிகைகளில் வெளிவந்த கப்பல் செய்திப் பத்தியை நகலெடுத்து, ஐந்துக்கு மூன்று அங்குல அட்டையில் ஒரு கப்பலின் ஒரு நிகழ்வை மட்டும் எழுதுகிறோம். வருகைக்கு வெள்ளை அட்டை, புறப்பாட்டுக்கு மஞ்சள். கப்பல் பெயர், பாய்மரமா ஸ்டீமரா, டன், கேப்டன், எங்கிருந்து, எங்கே, ஏஜண்டு, பயணிகள் அல்லது சரக்கு, பத்திரிகைத் தேதி என்ற வரிசை மாறக்கூடாது. ஒரு வெள்ளைக்கு ஒரு மஞ்சள் ஜோடி சேர்ந்தால்தான் அந்தப் பயணம் முடிந்ததாகக் கணக்கு. ஒற்றை அட்டை யாருக்கும் உதவாது.

தவறு எங்கே வருகிறது என்பதை எழுத முன்வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பத்திரிகைத் தேதி வேறு, கப்பல் வந்த தேதி வேறு. 3-ஆம் தேதிப் பத்திரிகையில் ‘28 அல்டிமோ’ என்றிருந்தால் அது போன மாதம் 28. ‘இன்ஸ்டன்ட்’ என்றிருந்தால் நடப்பு மாதம். அடுத்தது, சுங்கத்தில் அனுமதி வாங்கியதற்கும் உண்மையில் நங்கூரம் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம். அனுமதி வாங்கிய கப்பல் சரக்கு ஏறாமலோ காற்று சரியில்லாமலோ நாள்கணக்கில் நின்றிருக்கும். அனுமதி நாளைப் புறப்பாடாக எழுதினால், அந்தக் கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு ஆமை வேகத்தில் போனதாகக் கணக்கு வரும். ‘இன்ன தேதி வாக்கில் புறப்படும்’ என்ற ஏஜண்டு விளம்பரத்தை அட்டையில் ஏற்றவே கூடாது.

டன் விஷயத்தில் அடிக்கடி சண்டை வருகிறது. இது எடைக் கணக்கு அல்ல, கொள்ளளவுக் கணக்கு. நூறு கன அடி ஒரு டன். மொத்த டன் ஒன்று, இயந்திர அறை முதலியவற்றைக் கழித்த நிகர டன் இன்னொன்று. ஒரே கப்பலுக்கு ஒரு பத்திரிகை மொத்தத்தையும் மற்றொன்று நிகரத்தையும் போட்டால், இரண்டு கப்பல் என்று நினைத்துத் தனித்தனி அட்டை போட்டுவிடுகிறார்கள். மாறாக, ஒரே பெயரில் உண்மையிலேயே இரண்டு மூன்று கப்பல்கள் ஓடியதும் உண்டு. பிரிட்டிஷ் பதிவுக் கப்பல்களுக்கு 1855 முதல் அதிகாரபூர்வ எண் உண்டு. பெயர் மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் எண் மாறாது. சந்தேகம் வந்தால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும்.

கரையோரமாக ஓடிய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஸ்டீமர்கள் தனித் தலைவலி. கல்கத்தாவிலிருந்து இறங்கி வரும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று ஒரே கப்பல் சென்னைக்கு இரண்டு வருகை காட்டும். ‘எங்கிருந்து’ என்ற கட்டத்தில் சிலர் முதல் துறைமுகத்தையும் சிலர் கடைசியாகத் தொட்ட துறைமுகத்தையும் எழுதுகிறார்கள். கடைசியாகத் தொட்டதை எழுதி, முதலாவதை அடியில் குறிப்பதே மன்றத்தின் தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன்.

நகல் தாள்களில் பைண்டிங் ஓரம் மாட்டி, 18 என்பது 8 ஆகத் தெரிவது சாதாரணம். முன்னால் இருந்த ‘1’ தையலுக்குள் போயிருக்கும். அச்சிட்ட கிழமையோடு ஒத்துப் பார்த்தால் பிடிபடும். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டது 22-9-1914, செவ்வாய்க்கிழமை. அன்று புதன் என்று யாராவது எழுதியிருந்தால், பக்கத்தில் இருக்கும் தேதிகளையும் சந்தேகப்பட வேண்டும்.

எம்டன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோடி சேராத மஞ்சள் அட்டையெல்லாம் நம் பிழை அல்ல. ‘டிப்ளமாட்’ தேயிலையோடும் ‘கில்லின்’ நிலக்கரியோடும் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டவை. புறப்பாடு இருக்கும், வருகை இருக்காது. 13-9-1914 அன்று வங்கக் கடலில் எம்டன் இரண்டையும் மூழ்கடித்தது. அந்த அட்டைகளைக் ‘காணவில்லை’ என்று குறித்துக் குப்பையில் போடப் பார்த்த உறுப்பினருக்கு இந்த விளக்கம் போதும் என்று நம்புகிறேன்.

வருகை என்றால் ஆள் கரை இறங்கியதாகவும் கொள்ளக்கூடாது. துறைமுகம் கட்டும் முன்பு சென்னையில் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகில்தான் ஆளும் மூட்டையும் கரை ஏற வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது வளைந்து கொடுக்கும், ஆணி அடித்த படகாக இருந்தால் பிளந்துவிடும். அலை பெரிதானால் படகு இறங்காது, கப்பல் வந்த தேதிக்கும் ஆள் இறங்கிய தேதிக்கும் இடைவெளி விழும். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கட்டுமானம் முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அலைதாங்கிச் சுவர்களைச் சிதைத்ததும் இந்தக் கணக்கில் வரும். பிற்கால மலேயா பயணத்திலும் இதே கதைதான். ரஜூலா கப்பலில் அறை இல்லாமல் தளத்திலேயே போன பயணிகளைப் பினாங்கில் ஜெரஜாக் தீவிலும் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த் தடுப்பு முகாமில் வைத்த காலம் உண்டு. வீட்டில் சொல்லும் தேதி முகாமிலிருந்து வெளிவந்த தேதியாக இருக்கும், அட்டையில் இருப்பது கப்பல் வந்த தேதி. இரண்டும் சரிதான்.

நம் ஊர்க்காரர் கப்பலேறிய நாளைத் தேடுவதற்கு ரயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிறிய ரயில் வந்தது 1906-இல்தான், ஓசூருக்குப் போனது 1913-இல். அதற்கு முன் நடந்தோ வண்டி கட்டியோ மொரப்பூர் போய், அங்கிருந்து, கப்பலேறுபவர்களைத் தங்கவைக்கும் சென்னை டிப்போ. அங்கே பதிவு, மருத்துவப் பரிசோதனை, காத்திருப்பு. பதிவுத் தேதியை வைத்துக் கப்பலைத் தீர்மானிக்கக் கூடாது. ‘உம்லாஸி’ போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்ப நேட்டாலுக்குப் போனதால், பட்டியலில் கப்பல் பெயருக்குப் பின்னால், எத்தனையாவது பயணம் என்று காட்டும் ரோமன் எண் இருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டால் ஆளை வேறு வருடத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவோம். நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1911 ஜூலையோடு நின்றது. அதற்குப் பிந்திய தேதி வந்தால் எங்கோ இடித்திருக்கிறது என்று பொருள். சேலம் ஜில்லா திருப்பத்தூரை ராமநாதபுரத்துத் திருப்பத்தூரோடு குழப்புவதும் வழக்கமாகிவிட்டது.

இவ்வளவும் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்கும் வேலை. ஞாயிறு தோறும் பத்து மணிக்கு என்று முடிவு செய்தபோது கை தூக்கியவர்கள் பலர். மாங்காய் சீசனில் காரிமங்கலம் பக்கத்தவர்கள் வரவில்லை, புளி சீசனில் பென்னாகரம் பக்கத்தவர்கள் வரவில்லை, முகூர்த்த மாதங்களில் யாருமே வரவில்லை. நகல் தாள்களை ‘வீட்டில் வைத்து எழுதித் தருகிறேன்’ என்று வாங்கிப் போன சிலரிடமிருந்து தாளும் வரவில்லை, அட்டையும் வரவில்லை. அதில் 1876–78 பஞ்ச காலத்துப் பக்கங்களும் அடக்கம். ஆட்கள் அதிகமாகக் கப்பலேறிய காலம் அது. பெயர் சொல்ல விரும்பவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. நகல், அட்டை, பெட்டி, வேன் வாடகை, தேநீர் என்று செலவு போயிருக்கிறது. சென்ற ஆண்டு இருப்பில் கொஞ்சம் கரைந்திருக்கிறது. விவரம் பொருளாளர் நோட்டில் உள்ளது, தணிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா பாக்கி. 1906-இல் சுதேசிக் கம்பெனியின் ஒரு பங்கு 25 ரூபாய். நம் மாதச் சந்தா இன்றைக்கும் அதே 25 ரூபாய்தான்.

இடம் தந்த கட்டட உரிமையாளருக்கும், நகல் எடுக்க உதவிய நூலக ஊழியர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தலைவர், பொருளாளர் உள்ளிட்ட நிர்வாகிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குப் பெரிய திட்டம் எதுவும் வைக்கவில்லை. கையில் இருக்கும் தாள்களை ஜோடி சேர்த்து முடித்தாலே போதும். அட்டைப் பெட்டிகள் தற்போது என் வீட்டு வராந்தாவில் இருக்கின்றன, மழைக்கு முன் ஓர் இரும்பு பீரோ தேவைப்படுகிறது. செயலாளர் பதவிக்கு இளைஞர் யாராவது வந்தால் மகிழ்ச்சியோடு விலகுகிறேன். பெட்டிகளையும் அவர் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கித் தருகிறேன். யாரும் வராத பட்சத்தில், ஞாயிறு பத்து மணிக்கு இரண்டு பேராவது வருவார்கள் என்ற உறுதி கிடைத்தால் தொடர்வதில் ஆட்சேபணை இல்லை. ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்து தேநீர் தரும்வரை அவர் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்