ரெனே துய்மோனுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த பிரான்சின் பசுமை அரசியல் பற்றிய கட்டுரையில் ரெனே துய்மோனுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது: 1974 அதிபர் தேர்தலில் சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து 1.32 சதவீத வாக்கு வாங்கித் தோற்றவர். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் இன்றும் வாக்களிக்கும் குடும்பங்கள் வாழும் புதுச்சேரியில், அவரை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

1904-ல் வடக்கு பிரான்சின் காம்ப்ரே நகரில் பிறந்தவர் துய்மோன். பாரிசில் வேளாண்மை படித்துப் பொறியாளராகி, காலனி அரசின் பணியில் 1929-ல் டோங்கினுக்கு, அதாவது இன்றைய வட வியட்நாமுக்குப் போனார். நம் ஊர்ப் பழைய குடும்பங்கள் பலவற்றில் சைகோன் உத்தியோகக் கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அதே இந்தோசீனாவில் இந்த இளைஞர் செவ்வாற்றுப் படுகையின் நெல் வயல்களைச் சுற்றி வந்தார். அங்கே விவசாயிகள் நெல் பயிரிடும் முறையை 1935-ல் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். காலனி ஆட்சியின் மீது கசப்போடு நாடு திரும்பியவர், பாரிஸ் வேளாண் கல்வி நிறுவனத்தில் 1974 வரை பாடம் நடத்தினார். அவருடைய அரசியல் தொடங்கிய இடம் அந்தச் சேற்று வயல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டரையும் ரசாயன உரத்தையும் ஆதரித்துப் பேசியவரும் இவரே. பின்னாளில் அவற்றால் விளையும் கேட்டைப் பார்த்து மாறினார். இதை நான் குறையாக எண்ணவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்றும் அவர் அஞ்சவில்லை. புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் ஆட்சியாளர்கள் பழைய எஜமானர்களைப் போலவே சொகுசாக வாழ்கிறார்கள், அந்தச் செலவு உழவர் தலையில் விழுகிறது என்று 1962-லேயே எழுதினார். கியூபாவுக்கு ஆலோசனை சொல்லப் போனவர் அங்கே கண்ட குறைகளையும் மறைக்காமல் எழுத, காஸ்ட்ரோ கடுங்கோபம் கொண்டார்.

1974 ஏப்ரலில் அதிபர் பொம்பிடு இறந்து திடீரென்று தேர்தல் வந்தபோது, சுற்றுச்சூழல் அமைப்பினர் கேட்டுக்கொண்டதால் எழுபது வயதில் அவர் களத்தில் இறங்கினார். சேன் நதியில் நின்ற ஒரு படகுதான் பிரசார அலுவலகம். போகும் இடங்களுக்குச் சைக்கிளில் போனார். தொலைக்காட்சியில் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்துக் காட்டி, இப்படியே வீணாக்கினால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இதற்குத் தட்டுப்பாடு வரும் என்றார். அன்று அவருக்கு வாக்களித்தவர்கள் 3,37,800 பேர். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் சுற்றுச்சூழலுக்காகவே ஒருவர் நின்றது அதுவே முதல் முறை.

அவர் சொன்னதெல்லாம் பலிக்கவில்லை. உலகம் பெரும் பஞ்சத்தை நோக்கிப் போகிறது என்று 1966-ல் எழுதினார். அவர் அஞ்சிய அளவுக்குப் பஞ்சம் வரவில்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காலாப்பட்டிலிருந்து கடலூர் வரை கடலோரத்தில் போர்வெல் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே வருகிறது. உப்பேறிய தண்ணீரில் நெல் நாற்று கருகுகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பழுதின்றி வைத்திருந்தால், அந்த அளவுக்காவது போர்வெல்லை நம்பாமல் இருக்கலாம். நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக எழுப்பிய ஆயி மண்டபத்தையே அரசு முத்திரையாக வைத்திருக்கும் ஊர் நம்முடையது. ஆனால் தேர்தல் மேடையில் நிலத்தடி நீரைப் பற்றி வாய் திறக்கும் வேட்பாளர் எத்தனை பேர்?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். துய்மோனின் வியட்நாம் ஆண்டுகளையும் சேர்த்து அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். பிரெஞ்சு படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அடுத்த தேர்தலின்போது ஒவ்வொரு தொகுதி வேட்பாளரிடமும் ஏரி, வாய்க்கால், உப்பேறும் கிணறு பற்றி உங்கள் நிருபர்கள் கேள்வி கேட்டு, வரும் பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் சொல்லாதவர்களின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெல் விவசாயி ஒருவர்,
பாகூர், புதுச்சேரி.